தகப்பனுக்குக் கிடைத்த சனிக்கிழமைகள்

விதுசனுக்கும் பிரேமிளாவுக்கும் நடந்த கலியாணம் தாக்குப்பிடித்த காலத்தைவிட, அவர்களுடைய பிள்ளையை யார் எப்போது பார்ப்பது என்ற வழக்கு தாக்குப்பிடித்த காலம் கூட. புருசனும் பெண்சாதியுமாக இருந்தபோது பேசாத பேச்செல்லாம் அந்த வழக்கில் பேசினார்கள். என்ன, சட்டத்தரணிகளின் வாயால் பேசினார்கள்.

பிரேமிளா மன்னார் நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து முருங்கன் பக்கம் குடியேறி, கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம் அவளுடையது. விதுசன் காப்புறுதி முகவர். உயிலங்குளத்துப் பக்கம் வயல், வரம்பு, களஞ்சியம் என்று வாழ்ந்த வீட்டு மூத்த பிள்ளை. அம்மாவின் பிரசர் குளிசை வாங்க வந்த இடத்தில் பிரேமிளாவைக் கண்டு, அந்தக் குளிசை முடியுமுன்பே திரும்பத் திரும்ப வந்து, வீட்டை எதிர்த்துக் கட்டினான். எதிர்ப்பு அந்த ஒரு தடவையோடு அவனுக்குத் தீர்ந்து போயிற்று. தாய் சிவபாக்கியம் மருமகளை "தோட்டக்காட்டுப் பெட்டை" என்று அடுப்படியில் நின்று சொல்லும்போது அவன் விறாந்தையில் போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

பிள்ளைப்பேற்றுக்கு அவளை முருங்கனில் தாய் அழகம்மாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டான். முப்பத்தொன்று முடிந்து துடக்குக் கழிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்றான். துடக்குக் கழிந்தது. பிள்ளை குப்புறப் படுத்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. அவனுக்கு ஒரு மாதம் மீற்றிங், ஒரு மாதம் அம்மாவுக்குச் சுகமில்லை, ஒரு மாதம் மோட்டார் சைக்கிளுக்குச் சுகமில்லை. பிள்ளை எழும்பி நடக்கத் தொடங்கிய நேரத்தில் அவனுக்குப் பதிலாக நீதிமன்ற அழைப்பாணை வந்தது. பிரேமிளா அவனை வன்மத்தோடு கைவிட்டுப் போய்விட்டாளாம்.

"மிஸ், நான் அம்மா வீட்டு வாசல்ல ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டதுக்குப் பேர் கைவிட்டதோ?" என்று அவள் தன்னுடைய சட்டத்தரணி யசிந்தாவிடம் கேட்டாள்.

"சட்டத்தில ஆர் முந்தி சட்டத்தரணியின்ர கந்தோருக்கு வருகினமோ அவைதான் கைவிடப்பட்டவை," என்றாள் யசிந்தா.

விவாகரத்துக்குப் பிரேமிளா மறுப்புச் சொல்லவில்லை. பிள்ளை தாயோடுதான் இருக்கவேண்டும் என்பதில் விதுசனுக்கும் மறுப்பில்லை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். ஆனால், "பிள்ளையையும் விட்டிட்டான்" என்று உயிலங்குளத்தில் நாலு பேர் கதைத்தது அவனுடைய காதில் விழுந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்புக்குக் காப்புறுதி விற்கிறவனுக்கு அது தொழிலைத் தொடுகிற கதை. பிள்ளையைப் பார்க்கும் உரிமை கேட்டு அவனுடைய சட்டத்தரணி வின்சன்ட் எழும்பினார்.

"கௌரவ மன்றிலே, ஒரு தகப்பனின் நெஞ்சு பிளந்து கிடக்கிறது!" என்றார். ஒவ்வொரு வழக்குத் தவணையிலும் அது பிளந்து கிடந்தது. விதுசன் ஒவ்வொரு தவணையிலும் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தான். ஒரு தவணையில் கைலேஞ்சியை மறந்துவிட்டு வந்து, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்தான்.

பிரேமிளாவும் சும்மா இருக்கவில்லை. மகள் மிதுஷாவைக் கொடுக்காமல் விடுவதற்கு மன்றுக்குக் கொடுத்த சத்தியக்கடதாசியில் அவள் எழுதாதது இல்லை. விதுசனின் வீட்டுக்குப் பக்கத்தில் குளம் இருக்கிறது, குளத்தில் முதலை இருக்கிறது என்றாள். முதலையைக் கண்டவர் யார் என்று வின்சன்ட் கேட்டபோது, முதலை தன்னைக் காட்டிக்கொண்டா திரியும் என்றாள். பதிலுக்கு விதுசனின் தங்கை வேணுஜா ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தாள். அண்ணி பிள்ளையை அகப்பையால் அடிப்பாள், பிள்ளைக்கு நல்ல பழக்கம் எதுவும் காட்டித் தரவில்லை என்று அதில் இருந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கிற பெட்டை சொன்னால் பொய்யிராது என்று அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. அதை வாசித்த அன்று பிரேமிளாவுக்குச் சோறு இறங்கவில்லை. சிவபாக்கியம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த வீட்டில் அவளோடு சிரித்துக் கதைத்த ஒரே ஆள் வேணுஜாதான்.

கடைசியில் நீதிபதி கட்டளை சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை பிள்ளை தகப்பனோடு. மன்னார் பஸ் நிலையத்தில் ஒப்படைத்து அங்கேயே திருப்பி எடுக்க வேண்டும். வின்சன்ட் விதுசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீதிமன்ற வாசலில் சிவபாக்கியம் தேங்காய் உடைக்காத குறை.

முதல் சனிக்கிழமை விதுசன் வாடகைக் காரில் வந்தான். மன்னார் பஸ் நிலையத்தில் அன்று கழுத்துப்பட்டி கட்டி நின்ற ஒரே மனிதன் அவன்தான். பின்னால் தாய், முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தபடி தங்கை. தலைமன்னார் பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு கழுதை மட்டும் விடவில்லை.

மிதுஷா தாயின் கையைப் பிடித்தபடி அவனை அண்ணாந்து பார்த்தாள். "இவரோ அப்பா?" என்று, கடையில் சாமானைக் கேட்டு உறுதிப்படுத்துவது போலக் கேட்டாள்.

"ஓம்," என்றாள் பிரேமிளா. வேறென்ன சொல்வது?

விதுசன் பிள்ளையைத் தூக்கினான். "அண்ணா, கண் மூடிப்போச்சு, இன்னொருக்காத் தூக்குங்கோ," என்றாள் வேணுஜா. இறக்கித் திரும்பத் தூக்கினான். கழுதை படத்துக்குள் வந்துவிட்டது என்று இன்னொரு தடவையும் தூக்கினான். பிறகு கார் கிளம்பியது.

பிரேமிளா இப்போது வேலைக்குக் கிட்டவாக, தாராபுரத்தில் ஹலீம் நானாவின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். அழுவதற்கென்றே அறைக்குப் போனாள். பாயை விரித்து, தலையணையைப் போட்டு, அழுவதற்குத் தோதாகச் சரிந்தாள். நாலு மணிக்கு ஹலீம் நானாவின் மனைவி வந்து, "புள்ள, ஒங்கட மகள எடுக்கப் போகல்லியா?" என்று தட்டி எழுப்பவேண்டியிருந்தது. மிதுஷா பிறந்த நாளிலிருந்து அவள் அப்படி நித்திரை கொண்டதில்லை. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் கண் நன்றாகத் திறந்திருந்தது.

மிதுஷா காரிலிருந்து இறங்கி வந்து சொன்னாள்: "அப்பா படுத்திருந்தவர். வேணு மாமிதான் சாப்பாடு தீத்தினவ. கொப்பியும் கலரும் வேண்டித் தந்தவ. அப்பம்மா என்னை நிறமில்லை எண்டவ."

"அப்பா ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"கதைச்சவர். போனில."

அடுத்த வாரம் பாமசிக்கு வந்த ஒரு கர்ப்பிணி, தன் போனை நீட்டி, "இது உங்கட பிள்ளையெல்லோ?" என்றாள். விதுசன் மிதுஷாவைத் தூக்கி வைத்திருக்கும் படம். கழுதை இல்லாத படம். மேலே, "தகப்பனின் அன்புக்கு ஈடு ஏது?" கீழே, "உங்கள் செல்வத்தின் எதிர்காலத்துக்கு இன்றே அழையுங்கள்," அவனுடைய தொலைபேசி இலக்கம். நூற்றுக்கணக்கானோர் இதயம் போட்டிருந்தார்கள். பிரேமிளா அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குளிசையை எண்ணிக் கொடுத்தாள். எண்ணிக்கை பிழைத்து, திரும்பவும் எண்ணினாள்.

ஆனாலும் சனிக்கிழமைகள் வந்தன. அவளும் அவற்றுக்குப் பழகினாள். முழு மருந்தாளராவதற்கான சோதனை ஒன்று இருந்தது. அதற்கு நகரத்தில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. வருசக்கணக்காக அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போனவள், இந்த முறை உள்ளே போய்ப் பெயர் கொடுத்தாள். பிள்ளையைப் பஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவாள். வகுப்பு முடிய வந்து எடுப்பாள். முதலையைப் பற்றி இப்போது அவள் நினைப்பதேயில்லை.

அவள் பழகிய நேரத்தில்தான் அவனுக்குப் பழசாகிப் போயிற்று. முதலில் காருக்குப் பதில் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு மோட்டார் சைக்கிள் பிந்தி வந்தது. பிறகு வரவில்லை. மிதுஷா சப்பாத்துப் போட்டு, தலைக்கு ரிப்பன் கட்டி, பஸ் நிலையத்துச் சீமெந்து வாங்கில் குந்திக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிரேமிளா உயிலங்குளத்து வீட்டுக்குப் போன் எடுத்தாள். சிவபாக்கியம்தான் எடுத்தது.

"அவன் இல்லை. வவுனியாவுக்குப் பொம்பிளை பாக்கப் போட்டான்," என்றாள். குரலில் கலியாணவீட்டு மேளம் கேட்டது. "நல்ல இடம். பொம்பிளை கவுண்மேந்து உத்தியோகம். அவைக்குப் பிள்ளையை வீட்டில கண்டாச் சரிவராது. நீ கொஞ்ச நாளைக்குப் பிள்ளையை வச்சுக்கொள்ளு."

கொஞ்ச நாளைக்கு! பிரேமிளா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், அதற்குள் சிவபாக்கியம் இருப்பது போல.

அடுத்த சனிக்கிழமையும் அவன் இல்லை. ஒருவாறு பிடித்து அவனோடு கதைத்தாள்.

"வராட்டிச் சொல்லுங்கோ. பிள்ளை வெளிக்கிட்டுக் கொண்டு இருக்கிறாள். எனக்கும் வகுப்பு இருக்கு."

"உன்ர வகுப்புக்கு ஆயா வேலை பாக்கவோ நான் வழக்காடினனான்?" என்றான் விதுசன். "அது என்ர உரிமை. நான் பாவிப்பன், பாவிக்காமல் விடுவன்."

"அப்ப உரிமையை விட்டுக்குடுங்கோ."

"விசரோ? அதை எடுக்க நான் எவ்வளவு பாடுபட்டனான்!"

பிரேமிளா யசிந்தாவிடம் போனாள். தகப்பன் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்றாள். யசிந்தா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டும் சிரித்தாள்.

"பிரேமிளா, குடுக்கேலாது எண்டு முதலையெல்லாம் கொண்டு வந்தது நீங்கள்."

"ஓம் மிஸ். இப்ப முதலையாவது வந்தாக் காணும் எண்டிருக்கு."

வழக்கு திரும்ப வந்தது. வின்சன்ட் அதே கறுப்புக் கோட்டோடு எழும்பினார். நெஞ்சு இந்த முறை பிளக்கவில்லை. "கௌரவ மன்று எனது கட்சிக்காரருக்கு வழங்கியது உரிமை. கடமை அல்ல. வாக்களிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. வாக்களிக்காதவனைப் பிடித்து மறியலில் போடுகிறோமா?" என்றார். மன்றில் இருந்த இரண்டொருவர் தலையாட்டினார்கள். விதுசனும் ஆட்டினான்.

நீதிபதி பிரேமிளாவைப் பார்த்தார். "முதலில் பிள்ளையைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றீர்கள். இப்போது கொண்டுபோகச் சொல்லி நிற்கிறீர்கள். இதில் எது உண்மை?"

"ரெண்டும் உண்மை ஐயா," என்றாள் அவள். "அப்ப இவர் கொண்டுபோயிடுவாரோ எண்டு நான் பயந்தனான். இப்ப வரமாட்டாரோ எண்டு அவள் பயப்பிடுறாள்."

நீதிபதி பிள்ளையைத் தன்னுடைய அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. வெளியே நின்ற பிரேமிளாவுக்கு எல்லாம் கேட்டது.

"அப்பா வராத நாளில நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருப்பன்."

"எவ்வளவு நேரம்?"

"கால் நோகுமட்டும்."

நீதிபதி எழும்பினார். மன்றுக்குத் திரும்பி வந்தவரின் முகம் போனபோது இருந்த முகமாக இல்லை. கட்டளையைச் சொல்லச் சொல்ல எழுதுவினைஞர் எழுதினார். வர முடியாவிட்டால் முதல் நாளே தாய்க்கு அறிவிக்க வேண்டும். பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் போடக்கூடாது. போட்டதை இன்றைக்கே எடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராவிட்டால், தகப்பனின் உரிமை தானாகவே ரத்தாகும்.

கடைசி வசனத்தைக் கேட்டதும் விதுசன் நிமிர்ந்து இருந்தான். உரிமை ரத்தாவதா! நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

அன்றிலிருந்து அவன் வந்தான். தவறாமல் வந்தான். இரண்டு சனிக்கிழமை விட்டு மூன்றாவது சனிக்கிழமை, கொத்தமல்லி அவியலைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறவனைப் போல வந்தான். மிதுஷாவைப் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த கூல்பாரில் இருத்தி ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுப்பான். அது கரையுமுன் போன் வரும். மத்தியானத்துக்கு முன்பே பிள்ளை திரும்பி வந்துவிடும். மிச்ச இரண்டு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் குறுஞ்செய்தி வரும்: "நாளை வர வசதி இல்லை." சட்டத்தை இவ்வளவு ஒழுங்காக மதித்து நடந்த ஒருவனை மன்னார் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பிரேமிளாவின் வகுப்பு ஓட்டை விழுந்த வலையாகிப் போயிற்று. ஹலீம் நானாவின் மனைவி ஒரு சனிக்கிழமை பார்த்தாள், அடுத்ததில் அவளுடைய மகளுக்குச் சுகமில்லை. அழகம்மா முருங்கனிலிருந்து வந்தால் அன்றைய கூலி போய்விடும். "விட்டுரு புள்ள, நமக்கெதுக்கு சோதனையெல்லாம்," என்றாள் அவள் போனில். பிரேமிளா போனை வைத்துவிட்டாள்.

அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை பாமசிக்கு வேணுஜா வந்தாள். ஆட்கள் குறையட்டும் என்று எடை பார்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள். பிரேமிளா கண்டும் காணாதவள் போல மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தாள். ஒருவருக்கு இருமல் பாணியை எப்படிக் குலுக்கவேண்டும் என்று தேவைக்கு மேலாகவே விளங்கப்படுத்தினாள். கடைசியில் வேறு ஆள் இல்லை.

"என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

"வருத்தமில்லை அண்ணி. மிதுவைப் பாக்கவேணும்."

"பாக்கிறதுக்கு உமக்கு என்ன உரிமை இருக்கு?"

"ஒண்டுமில்லை."

அவள் அப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று பிரேமிளா எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு காலமும் உரிமை உரிமை என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

"அண்ணா கூட்டிக்கொண்டு வந்த நாளெல்லாம் நான்தான் அவளைப் பாத்தனான்," என்றாள் வேணுஜா. "குளிக்க வாத்து, தலை பின்னி. இப்ப அண்ணாவுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. அவளின்ர பேரைக்கூட வீட்டில எடுக்கக்கூடாதாம். எனக்கு ஏலாமல் கிடக்கு அண்ணி."

"தலை பின்னினது தெரியும். எழுதினதும் தெரியும்." பிரேமிளா மருந்துத் தட்டைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். "அகப்பையால அடிக்கிறன் எண்டு எழுதினனீர். நான் பிள்ளையோட உங்கட வீட்டில ஒரு நாள் இருந்தனானோ? அகப்பையை நீர் எங்க கண்டனீர்?"

வேணுஜாவின் கண் கலங்கியது. "அம்மா சொல்லச் சொன்னவ. வின்சன்ட் சேர் எழுதினவர். நான் கையெழுத்து வச்சனான். வாசிக்கவே இல்லை."

"வாசிச்சுப் பாக்காமல் கையெழுத்து வைக்கிற ஆளை நம்பிப் பிள்ளையை எப்பிடி விடுறது?"

"இனி வாசிப்பன்," என்றாள் வேணுஜா, முன்பள்ளியில் பிள்ளைகள் சொல்வது போல.

பிரேமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கினாள். இவளுக்கு அவ்வளவு லேசில் சிரிப்புக் கொடுக்கக்கூடாது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லவும் இல்லை. ஆனால் அடுத்த நாள் வகுப்பில் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றிப் பாடம் இருந்தது. அதை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

"வகுப்பு எட்டரைக்கு. எட்டுக்குத் தாராபுரத்துக்கு வாரும். உங்கட வீட்டை கூட்டிக்கொண்டு போகக்கூடாது. கோட்டைப் பக்கம் போங்கோ, வாசிகசாலைக்குப் போங்கோ. அவள் கத்தரிக்காய் சாப்பிடமாட்டாள்."

"தெரியும் அண்ணி."

"அண்ணி எண்டு சொல்லாதையும். உமக்கு வவுனியாவில அண்ணி இருக்கிறா."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

பிரேமிளா துணியை மடித்து வைத்தாள். "எட்டுக்கு வாரும்," என்றாள்.

வேணுஜா எட்டு அடிக்குமுன்பே வந்து, ஹலீம் நானாவின் படலைக்கு வெளியே நின்றாள். மிதுஷா சப்பாத்தைக்கூடப் போடாமல் ஓடிப்போனாள். பின்னேரம் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. நீதிமன்றம் இரண்டு தடவை கட்டளை போட்டும் கொண்டுவர முடியாத ஒழுங்கை, ஒரு பொய்ச் சத்தியக்கடதாசி கொடுத்தவள் கொண்டுவந்தாள்.

இது விதுசனுக்குத் தெரியவர நேரம் எடுக்கவில்லை. கோட்டைப் பக்கம் தன்னுடைய பிள்ளையும் தங்கையும் கச்சான் கொறித்துக்கொண்டு போனதை யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். வீட்டில் குதித்தான். "என்ர அனுமதி இல்லாமல் என்ர பிள்ளையை நீ எப்பிடிக் கூட்டிக்கொண்டு திரிவாய்?"

"அது உங்கட நாளில்லை அண்ணா," என்றாள் வேணுஜா. "உங்கட நாள் அடுத்த கிழமை."

அவன் வின்சன்டிடம் போனான். தகப்பன் இருக்கத்தக்கதாக, தகப்பனுடைய தங்கை பிள்ளையைப் பார்ப்பதைத் தடுக்க வழக்குப் போடலாமா என்று கேட்டான். வின்சன்ட் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்து யோசித்தார். தாராளமாகப் போடலாம் என்றார். புதுக் கோப்பு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். விதுசன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். கலியாணம் முடியட்டும் என்கிறான்.

பிரேமிளா சோதனையின் முதல் பகுதியில் சித்தியடைந்தாள். வகுப்பெல்லாம் முடிந்து இரண்டாம் பகுதிக்கு அறையிலிருந்து படித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை விதுசனின் முறை வந்தது. வழமை போலப் பதினொரு மணிக்கே அவன் போன் எடுக்க, பிரேமிளா பஸ் நிலையத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்தாள். மிதுஷா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தாயின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அப்பா பாவம் அம்மா," என்றாள்.

"ஏன்?"

"அவருக்கு என்னோட என்ன கதைக்கிறதெண்டு தெரியாது. ஐஸ்கிறீமையே பாத்துக்கொண்டு இருக்கிறார். நான்தான் கதை குடுக்கிறனான். போன முறை அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவர் எண்டு கேட்டனான். இண்டைக்கு அவருக்கு என்ன நிறம் விருப்பம் எண்டு கேட்டனான். அடுத்த முறை என்ன கேக்கலாம்?"

விதுசனிடம் கேட்பதற்குப் பிரேமிளாவிடம் எவ்வளவோ இருந்தது. அதில் ஒன்றுகூட ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் கொடுத்துவிடக்கூடியதாக இல்லை. புத்தகத்தை மூடியபோது, சத்தியக்கடதாசியில் தான் விட்ட குளத்து முதலை நினைவுக்கு வந்தது.

"நீந்தத் தெரியுமோ எண்டு கேள்," என்றாள்.